பல சமயத்தார் கூடும் பஸ்கா மேசை: அழைப்போருக்கும் வருவோருக்கும் ஒரு வழிகாட்டி

எகிப்திய அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் யூதப் பண்டிகையான பஸ்காவின் இரவு விருந்தில், தொடக்கப் பகுதியில், குடும்பத் தலைவர் புளிப்பில்லாத அப்பத்தை உயர்த்திக் காட்டி, பசித்தோர் யாவரும் வந்து உண்ணட்டும், தேவையுள்ளோர் யாவரும் வந்து பஸ்காவைக் கொண்டாடட்டும் என்று அழைக்கிறார். அந்த அழைப்பு எபிரேயத்தில் அல்லாமல், அக்காலத்து எளிய மக்களுக்கும் விளங்கும் அரமேய மொழியில் அமைந்திருக்கிறது. யூதரல்லாத உறவினரையும் நண்பரையும் பஸ்கா மேசைக்கு அழைக்க விரும்பும் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த வரியே துணிவைத் தருகிறது. இன்று அந்தத் தேவை எந்த அளவுக்கு இருக்கிறது என்பதை ஒரு கணக்கெடுப்பு காட்டுகிறது. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2020இல் நடத்திய கணக்கெடுப்பின்படி, திருமணமான யூதர்களில் 42 விழுக்காட்டினரின் வாழ்க்கைத் துணை யூதர் அல்லர். 2010க்குப் பின் மணம் புரிந்தவர்களில் இது 61 விழுக்காடு. ஆகவே பல குடும்பங்களில் வேறு சமயத்தவர் என்பவர் வெளியிலிருந்து வரும் விருந்தினர் அல்லர். மாமியாராகவும் மைத்துனராகவும் பேரப்பிள்ளையாகவும் ஏற்கெனவே வீட்டுக்குள் இருப்பவர்.

இத்தகைய மேசையை அமைப்போர் இரண்டு விதமாக வழி தவறுகிறார்கள். சிலர், வந்தவர்களுக்குச் சலிப்புத் தட்டக்கூடாது என்று எண்ணி, கதையையும் செபங்களையும் சுருக்கி, பஸ்காவை ஒரு சாதாரண இரவு உணவாக மாற்றிவிடுகிறார்கள். வேறு சிலர் எதையும் விளக்காமல் எபிரேயத்தில் வேகமாகப் படித்துக்கொண்டே போக, விருந்தினர் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று தெரியாமல் தாள்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் கருத்தில் முதலாவது பிழையே பெரியது. உங்கள் நண்பர் உங்கள் பண்டிகையைக் காண வந்திருக்கிறார். அதில் பாதியை மறைத்துவிட்டு மீதியைக் காட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. சடங்கை முழுமையாக வைத்துக்கொண்டு, அதற்குள் அவர் நுழைவதற்கான வாசல்களைத் திறந்துவைப்பதே செய்ய வேண்டியது. கீழே சொல்லப்படுபவை அனைத்தும் அந்த ஒரு நோக்கத்துக்கான வழிமுறைகளே.

நாளும் நேரமும்

பஸ்கா எபிரேய நாட்காட்டியின் நிசான் மாதம் 15ஆம் நாள் தொடங்குகிறது. யூத நாள் கதிரவன் மறையும்போது தொடங்குவதால், நாட்காட்டியில் அச்சிட்டிருக்கும் முதல் நாளுக்கு முந்தைய மாலையிலேயே விருந்து நடைபெறுகிறது. இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் விருந்தினர் ஒரு நாள் தாமதமாக வந்து நிற்கக்கூடும். இஸ்ரேலில் பண்டிகை ஏழு நாள். செடர் எனப்படும் சடங்கு விருந்து முதல் இரவில் மட்டும் நடைபெறும். இஸ்ரேலுக்கு வெளியே மரபைப் பின்பற்றும் குடும்பங்கள் எட்டு நாள் கொண்டாடி, முதல் இரண்டு இரவுகளிலும் செடர் நடத்துகின்றன. இரண்டு இரவுகள் இருக்குமானால், முதல் இரவை நெருங்கிய குடும்பத்துக்கும் இரண்டாம் இரவைப் பல சமயத்து நண்பர்களுக்கும் ஒதுக்குவது நல்ல ஏற்பாடு. அப்போது மாமியாரின் சொந்த மரபு, சிறுவயது முதல் பாடிய மெட்டுகள் ஆகியவற்றில் எதையும் விட்டுக்கொடுக்க நேராது.

மரபைப் பின்பற்றும் வீடுகளில் இருட்டிய பின்னரே செடர் தொடங்கும். கதை சொல்லும் பகுதி ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளலாம். அதன் பிறகே சாப்பாடு வரும். நள்ளிரவுக்கு முன் அபிகோமன் எனப்படும் கடைசி அப்பத் துண்டை உண்டு முடிக்க வேண்டும் என்பது மரபு. எனவே அழைப்பிதழிலேயே, சாப்பாடு ஏறத்தாழ எத்தனை மணிக்கு, நிகழ்ச்சி முடிவது எத்தனை மணிக்கு என்பதை எழுதிவிடுங்கள்; வருமுன் சிறிது உண்டுவிட்டு வருமாறும் சொல்லுங்கள். தொடக்கத்தில் கர்பாஸ் என்னும் பசுங்காயை உப்புநீரில் தோய்த்து உண்ணும் படி ஒன்று உண்டு. பல வீடுகளில் அந்த நேரத்தில் ஒரு துண்டோடு நிறுத்தாமல், நறுக்கிய காய்களையும் வேகவைத்த உருளைக்கிழங்கையும் தாராளமாக மேசையில் வைத்துவிடுகிறார்கள். பசியோடு இருக்கும் குழந்தைகளையும் புதியவர்களையும் கதை முடியும்வரை தாங்குவது இந்தச் சிறு ஏற்பாடுதான்.

உணவு: முன்கூட்டியே கேட்க வேண்டியவை

உணவு விதிகளே இந்த விருந்தின் மிகச் சிக்கலான பகுதி; ஏனெனில் விதிகள் அழைப்பவருக்கும் உண்டு, வருபவருக்கும் உண்டு. அழைப்பவருடைய விதியை முதலில் பார்ப்போம். கோதுமை, வாற்கோதுமை, ஸ்பெல்ட், ரை, ஓட்ஸ் ஆகிய ஐந்து தானியங்களின் மாவு தண்ணீர் பட்டுப் புளித்தால் அது ஹமெட்ஸ் ஆகிறது. பஸ்கா நாட்களில் அதை உண்ணக்கூடாது என்பது மட்டுமன்றி, வைத்திருக்கவும் கூடாது. மட்சா என்னும் புளிப்பில்லாத அப்பம் அதே தானியத்தில் செய்யப்படுவதுதான். ஆனால் மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடங்களுக்குள் சுட்டு எடுக்கப்படுவதால் அது அனுமதிக்கப்படுகிறது. அஷ்கெனாசி எனப்படும் மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபினர் இவற்றோடு அரிசி, பருப்பு, பயறு, மக்காச்சோளம் போன்றவற்றையும் தவிர்த்து வந்திருக்கிறார்கள். ஸ்பெயின், போர்த்துகல் வழிவந்த செபார்தி மரபினர் பலர் அவற்றை உண்கிறார்கள். அமெரிக்கக் கன்சர்வேடிவ் யூத இயக்கத்தின் சட்டக் குழு 2015 டிசம்பரில் அஷ்கெனாசியருக்கும் அவற்றை அனுமதித்தது. எனவே யூத நண்பர் வீட்டில் அரிசி உண்டா என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. அந்த வீட்டாரைத்தான் கேட்க வேண்டும்.

இனி வருபவரின் விதிகள். மரக்கறி உண்பவர் அரிசியும் பருப்பும் இல்லாத வீட்டுக்கு வந்தால், கோழிச்சாறு ஊற்றிய மட்சா உருண்டைக் குழம்பையும் மாட்டிறைச்சியையும் மீன் உருண்டையையும் தள்ளிவிட்டுப் பார்க்கும்போது, அவருடைய தட்டில் உருளைக்கிழங்கைத் தவிர எதுவும் மிஞ்சாது. காய்கறிச் சாற்றில் செய்த ஒரு குழம்பும், பல அஷ்கெனாசி வீடுகள் ஏற்கும் கினோவாவில் செய்த ஒரு உணவும் இந்தக் குறையைத் தீர்த்துவிடும். முட்டையும் தவிர்ப்பவரா என்பதைத் தனியாகக் கேளுங்கள். பஸ்கா சமையலில் முட்டை எதிர்பாராத இடங்களிலெல்லாம் சேர்கிறது. சமண நண்பர்களில் பலர் மண்ணுக்குள் விளையும் கிழங்குகளை உண்பதில்லை. கர்பாஸுக்கு உருளைக்கிழங்குக்குப் பதிலாகப் பார்ஸ்லி இலையையும், கசப்புக் கீரைக்குக் குதிரைமுள்ளங்கி வேருக்குப் பதிலாக ரோமெய்ன் கீரையையும் வைத்தால் அவர்களும் எல்லாப் படிகளிலும் கலந்துகொள்ளலாம். மரபு இவ்விரண்டையும் ஏற்கிறது.

முஸ்லிம் விருந்தினரைப் பொறுத்தவரை, செடரில் அருந்தும் நான்கு கிண்ணத் திராட்சை மதுவுக்குப் பதிலாகத் திராட்சைச் சாறு வைப்பது எல்லாருக்கும் தோன்றும். யூதச் சட்டப்படியும் அது செல்லும். பலர் மறந்துவிடும் இடம் வேறு. ஆப்பிள், வாதுமை, இலவங்கப்பட்டை ஆகியவற்றோடு மதுவைக் கலந்தே அஷ்கெனாசியர் ஹரோசெத் என்னும் இனிப்புக் கலவையைச் செய்கிறார்கள். இறைச்சிக் குழம்பிலும் மது சேர்வது வழக்கம். ஹரோசெத்தைத் திராட்சைச் சாற்றில் பிசைந்துவிடலாம். அல்லது ஈராக்கிய யூதர்களைப் போலப் பேரீச்சம்பழப் பாகிலும் கொட்டைப் பருப்புகளிலும் செய்யலாம். கோஷர் எனப்படும் யூத உணவு விதிப்படி அறுத்த இறைச்சியை முஸ்லிம்கள் பலர் ஏற்கிறார்கள், சிலர் ஏற்பதில்லை. அமிர்தம் பெற்ற சீக்கியர்களில் பலர் சமயச் சடங்கு முறையில் அறுத்த இறைச்சியைத் தவிர்க்கிறார்கள், மதுவும் அருந்துவதில்லை. இவற்றை ஊகிக்காமல் நேரடியாகக் கேட்பதே நல்லது. அதே உரையாடலில் கொட்டைப் பருப்பு ஒவ்வாமை, கோதுமைப் புரத ஒவ்வாமை ஆகியவற்றையும் கேட்டுவிடுங்கள். கோதுமை ஆகாதவர்களுக்கென ஓட்ஸில் செய்த மட்சா கிடைக்கிறது.

மதுவைப் பற்றி இன்னொரு நுட்பமும் உண்டு. மரபை இறுகப் பின்பற்றும் குடும்பங்களில், சாதாரணக் கோஷர் மதுவை யூதரல்லாதவர் கையாண்டு ஊற்றினால் அதன் பிறகு அவர்கள் அதை அருந்துவதில்லை; பழங்காலத்தில் மது உருவ வழிபாட்டில் பயன்பட்டதிலிருந்து வந்த விதி இது. சூடாக்கிப் பதப்படுத்திய திராட்சை மதுவுக்கு இந்த விதி இல்லை. அதன் புட்டியில் மெவுஷால் என்று குறித்திருக்கும். விருந்தினர் வரும்போது அந்த வகையை மட்டுமே வாங்கிவைத்தால் யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் ஊற்றலாம். ஒரு நண்பர் அன்போடு புட்டியை எடுக்கும்போது அவரைத் தடுத்து நிறுத்தும் சங்கடமே எழாது. கிண்ணங்களும் சிறியனவாகவே இருக்கட்டும். ஒரு கிண்ணத்துக்கு 86 மில்லிலிட்டர் போதும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகளில் ஒன்று.

கையில் என்ன கொண்டுவருவது

விருந்தினருக்கு ஒரே அறிவுரை: வீட்டில் சமைத்த எதையும் கேட்காமல் கொண்டுவர வேண்டாம். ரொட்டி, கேக், பிஸ்கெட், பீர், விஸ்கி ஆகியவை தானியத்திலிருந்து வருபவை. பஸ்கா நாட்களில் அவை அந்த வீட்டு வாசலையே தாண்டக்கூடாது. பஸ்காவுக்கு உகந்தது என்ற சான்று பொறித்த, திறக்கப்படாத பொட்டலம் என்றால் தடையில்லை. ஆனால் இறைச்சி உணவுக்குப் பின் பால் சேர்ந்த இனிப்பை அவர்கள் உண்ண மாட்டார்கள் என்பதால் பால் சாக்லேட் அன்றிரவு மேசைக்கு வராது. பூங்கொத்து சிறந்தது, மரபைப் பேணும் வீடாக இருந்தால் அதை மாலைக்கு முன்பே சேர்த்துவிடுங்கள். அத்தகைய வீடுகளில் பண்டிகை இரவில் கைபேசியைத் தொடுவதோ படம் எடுப்பதோ இல்லை. ஆண்களுக்குச் சிறு தொப்பி ஒன்று தரப்படலாம். அதை அணிவது வீட்டாருக்குச் செய்யும் மரியாதையே, சமயம் மாறுவதன் அடையாளம் அன்று. மறுக்க விரும்பினால் மென்மையாக மறுக்கலாம்.

மேசையில் அமர்ந்த பின்

செடருக்கு 15 படிகள் உண்டு. முதல் கிண்ணத்தின் மீது ஆசி கூறித் தொடங்கி, கை கழுவி, காயைத் தோய்த்து, நடு மட்சாவை இரண்டாக உடைத்து, விடுதலைக் கதையைச் சொல்லி, மட்சாவும் கசப்புக் கீரையும் உண்டு, சாப்பிட்டு, மறைத்துவைத்த அபிகோமன் துண்டைக் கண்டெடுத்து, நன்றியும் துதியும் பாடி முடிக்கும் ஒழுங்கு அது. இந்தப் படிகளை ஒரு தாளில் எழுதி ஒவ்வொருவர் தட்டின் அருகிலும் வையுங்கள். படிக்கும் நூலான ஹகதா, ஆளுக்கு ஒரு பிரதி, எல்லாம் ஒரே பதிப்பாக, விருந்தினருக்குப் புரியும் மொழிபெயர்ப்போடு இருக்க வேண்டும். வெவ்வேறு பதிப்புகளைக் கலந்து கொடுத்தால் பக்க எண்ணைத் தேடுவதிலேயே பாதி இரவு கழிந்துவிடும்.

மேசை நடுவே செடர் தட்டில் அடையாளமாக வைத்திருக்கும் பொருள்களை முதலிலேயே ஒரு சொற்பொழிவாக விளக்கித் தீர்த்துவிடாதீர்கள். இந்த இரவு கேள்வியால் நடப்பது. இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபடுகிறது என்று மேசையில் மிக இளையவர் பாடிக் கேட்பதோடுதான் கதை திறக்கிறது. கேட்பதற்குக் குழந்தை இல்லாவிட்டால் மனைவி கேட்க வேண்டும், தனியே இருப்பவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று யூதச் சட்ட விளக்க நூலான தால்முத் சொல்கிறது. எதையும் முன்பு பார்த்திராத ஒரு நண்பர், பல ஆண்டுகளாகப் பழகிப்போன குடும்பத்துக்குத் தோன்றாத கேள்விகளைக் கேட்பார். எலும்பு ஏன் இருக்கிறது, அதை ஏன் யாரும் உண்ணவில்லை, முட்டை எதற்கு, ஏன் இடப்புறம் சாய்ந்து அமர்கிறீர்கள் என்று அவர் கேட்கும்போது, பதில் சொல்லத் திணறும் மூத்த மகனும் சேர்ந்து கற்றுக்கொள்கிறான். பல சமயத்தார் கூடும் மேசை பஸ்காவை நீர்க்கச் செய்யும் என்று அஞ்சுவோர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்: கேட்பவர் இருந்தால்தான் இந்தச் சடங்கு உயிர்பெறுகிறது.

வாசிப்பை மேசையைச் சுற்றிப் பகிர்ந்து கொடுங்கள். ஆனால் எதைக் கொடுப்பது என்பதில் கவனம் வேண்டும். "உம்முடைய கட்டளைகளால் எங்களைத் தூய்மைப்படுத்தினீர்" என்று வரும் ஆசிமொழிகள் யூதர் தம் கடமையை நிறைவேற்றும்போது சொல்பவை. அவற்றை வேறு சமயத்தவர் வாயில் வைப்பது இரு தரப்புக்கும் நேர்மையன்று. கதைப் பகுதிகளையும் விளக்கங்களையும் பாடல்களின் பல்லவியையும் எவரும் ஏற்கலாம். நமக்கு இதுவே போதுமானதாக இருந்திருக்கும் என்று ஒவ்வொரு வரியின் முடிவிலும் திரும்பும் 'தயேனு' பாட்டை யாரும் இரண்டு நிமிடத்தில் கற்றுக்கொள்வர். ஈரானிய, ஆப்கானிய யூதர்கள் அந்தப் பாட்டின்போது எகிப்தியக் கண்காணியின் சவுக்கை நினைவூட்ட வெங்காயத்தாளால் ஒருவரையொருவர் தட்டிக்கொள்கிறார்கள். இந்த வழக்கத்தைக் கடன் வாங்கினால், எந்தச் சமயத்துக் குழந்தையும் அதன் பிறகு தூங்காது. அபிகோமனைத் தேடும் விளையாட்டிலும் எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு, கண்டெடுத்தவருக்கு மட்டும் அல்லாமல் எல்லாருக்கும் சிறு பரிசு வைத்திருங்கள்.

கதைக்குள்ளேயே யூதரல்லாதவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறவாதீர்கள். நதியிலிருந்து மோசேயை எடுத்து வளர்த்தவள் பார்வோனின் மகள். ஓடிவந்த மோசேக்கு வீடும் குடும்பமும் கொடுத்த எத்திரோ, மீதியான் நாட்டு ஆசாரியன். எகிப்திலிருந்து இஸ்ரவேலரோடு வேறு மக்களும் திரளாகப் புறப்பட்டதாக யாத்திராகமம் 12ஆம் அதிகாரமே சொல்கிறது. இந்தப் பகுதிகளை விருந்தினரிடம் வாசிக்கக் கொடுப்பது, அவர்களுக்கு இடம் தேடிக் கண்டுபிடித்த செயற்கை ஏற்பாடாகத் தோன்றாது; மூலத்திலேயே உள்ள இடம் அது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் தாமே எகிப்திலிருந்து வெளிவந்ததாக எண்ண வேண்டும் என்ற ஹகதாவின் வரிக்கு வரும்போது, விரும்புவோர் தம் குடும்பத்தின் விடுதலைக் கதையையோ புலம்பெயர்வையோ சொல்ல அழைக்கலாம். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதன் முதலாம் ஆண்டு நிறைவான 1969 ஏப்ரல் 4 அன்று, வாஷிங்டனில் கறுப்பினத்தவரின் தேவாலயம் ஒன்றின் கீழ்த்தளத்தில் யூதரும் கறுப்பினக் கிறித்தவரும் நூற்றுக்கணக்கில் கூடி நடத்திய விடுதலை செடர், இந்த வரியை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டது. 2009 முதல் அமெரிக்க அதிபர் மாளிகையில் ஒபாமா குடும்பம் ஆண்டுதோறும் நடத்திய செடரும், முந்தைய ஆண்டுத் தேர்தல் பயணத்தில் விடுதி ஒன்றின் கீழ்த்தளத்தில் இளம் பணியாளர்கள் சிலர் தொடங்கிய ஒரு சிறு விருந்திலிருந்து வளர்ந்ததுதான்.

யாரையும் பேசும்படி வற்புறுத்த வேண்டாம். ஹகதாவில் நான்கு பிள்ளைகளைப் பற்றிய பகுதியில் கேட்கத் தெரியாத பிள்ளையும் மற்ற மூவருக்குச் சமமாக மேசையில் இடம் பெற்றிருக்கிறது.

கடினமான வரிகள்

ஹகதாவில் விருந்தினர் முகம் சுருங்கக்கூடிய இடங்கள் உண்டு. அவற்றை அழைப்பவர் முன்பே படித்துப்பார்த்துவிட வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் எலியா தீர்க்கதரிசிக்காகக் கதவைத் திறக்கும்போது, உம்மை அறியாத இனங்கள் மீது உம் சினத்தைக் கொட்டும் என்ற விண்ணப்பம் வருகிறது. இனங்களைச் சேர்ந்தவர் ஒருவர் அருகில் அமர்ந்திருக்க, விளக்கமின்றி இதைப் படித்துவிட்டுப் போவது கொடுமை. சொல்லாமல் தாண்டிவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. சங்கீதங்களிலிருந்தும் புலம்பலிலிருந்தும் எடுக்கப்பட்ட இவ்வசனங்கள், சிலுவைப்போர்க் காலப் படுகொலைகளுக்குப் பின் இடைக்கால ஐரோப்பாவில் ஹகதாவுக்குள் வந்தவை. கிறித்தவக் குழந்தைகளின் இரத்தத்தை யூதர்கள் பஸ்காவுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற பொய்க் குற்றச்சாட்டு பல நூற்றாண்டுகள் பரவியிருந்தது. ஈஸ்டரும் பஸ்காவும் நெருங்கும் நாட்கள் யூதருக்கு ஆபத்தான நாட்களாகவே இருந்தன. 1903இல் கிஷினேவ் நகரப் படுகொலை ஈஸ்டர் ஞாயிறன்றுதான் தொடங்கியது. கதவைத் திறந்து வைத்து அந்த வரியைச் சொன்னவர்கள் எத்தகைய அச்சத்தோடு சொன்னார்கள் என்பதை ஓரிரு வாக்கியங்களில் விளக்குங்கள். இன்று அதே கதவின் வழியாக வேறு சமயத்து நண்பர்கள் விருந்துக்கு வந்திருக்கிறார்கள் என்பதன் அருமை அப்போது எவருக்கும் விளங்கும்.

எகிப்தியர் மீது இறைவன் அனுப்பிய பத்து வாதைகளின் பகுதி வேறு வகையில் கைகொடுக்கும். ஒவ்வொரு வாதையின் பெயரையும் சொல்லி, கிண்ணத்திலிருந்து ஒரு துளியை எடுத்துத் தட்டில் விடுகிறார்கள். எகிப்தியரும் துன்புற்றதால் மகிழ்ச்சியின் கிண்ணம் அந்த அளவு குறைய வேண்டும் என்பது இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். என் கையால் படைத்தவர்கள் கடலில் மூழ்கும்போது நீங்கள் பாடுகிறீர்களா என்று இறைவன் வானதூதரைக் கடிந்ததாகத் தால்முத்தில் ஒரு பகுதி இருக்கிறது. எகிப்திய வேர்கள் கொண்ட நண்பர் மேசையில் இருந்தால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். இறுதியில் வரும் 'அடுத்த ஆண்டு எருசலேமில்' என்னும் வாழ்த்து பல நூற்றாண்டு ஏக்கத்தைச் சுமப்பது. ஆனால் அரபு நண்பர் ஒருவருக்கு அது இன்றைய அரசியலாகக் கேட்கலாம். அவரோடு முன்கூட்டியே தனியாகப் பேசுங்கள். அரசியல் விவாதம் அன்றிரவு வேண்டுமா வேண்டாமா என்பதையும் இருவருமாகவே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கிறித்தவ, முஸ்லிம் நண்பர்கள்

கிறித்தவருக்கு இந்த மேசை ஏற்கெனவே பழகியதுபோல் தோன்றும். இயேசுவின் கடைசி இராவுணவைப் பஸ்கா விருந்தாகவே முதல் மூன்று நற்செய்திகள் சொல்கின்றன. அந்த உணர்வை மதிக்க வேண்டும். அதே வேளையில், இன்று நடைபெறும் செடரின் ஒழுங்கு கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்த பின் யூத அறிஞர்கள் வகுத்து, கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவில் பதிவாகி, பின்னும் வளர்ந்தது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. மூன்று மட்சாக்களுக்கும் உடைத்து மறைக்கும் துண்டுக்கும் கிறித்தவப் பொருள் கூறி மேசையில் விளக்கத் தொடங்கினால், விருந்தளித்த குடும்பம் தன் பண்டிகையைத் தன் கண்ணெதிரிலேயே இழப்பதாக உணரும். யூதர் எவரும் இல்லாமல் தேவாலயத்தில் செடர் நடத்துவதை யூத அமைப்புகளும் கிறித்தவ இறையியலாளர்கள் சிலரும் ஏற்காததற்குக் காரணமும் இதுவே. பஸ்காவை அறிய விரும்பும் கிறித்தவர் ஒரு யூத வீட்டின் அழைப்புக்குக் காத்திருப்பதும், அங்கே கேட்பவராக அமர்வதும் சிறந்தது.

முஸ்லிம்களுக்கு மூசா நபியின் கதை நன்கு தெரிந்தது. குர்ஆனில் மிக அதிக முறை பெயர் சொல்லப்படும் நபி அவரே. பார்வோனிடமிருந்து மூசாவும் அவருடைய மக்களும் காப்பாற்றப்பட்டதை நினைத்தே ஆஷூரா நோன்பு நோற்கப்படுகிறது என்று நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. எனவே ஹகதா சொல்லாத பகுதிகளை அவர்களிடம் கேட்கலாம். ஹகதாவில் மோசேயின் பெயர் ஏறத்தாழ இல்லை என்பது அவர்களுக்கு வியப்பாக இருக்கும். விடுவித்தது இறைவனே, மனிதர் அல்லர் என்று வலியுறுத்தவே அவ்வாறு அமைந்தது என்று பலர் விளக்குகிறார்கள்.

நாட்காட்டிகள் மோதும் ஆண்டுகளில் கூடுதல் அக்கறை வேண்டும். 2022இல் முதல் செடர் இரவு ஏப்ரல் 15 வெள்ளிக்கிழமை. அது கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் அனுசரித்த புனித வெள்ளி. ரமலான் மாதமும் கூட. நோன்பிருக்கும் முஸ்லிம் நண்பர் கதிரவன் மறைந்ததும் நோன்பு திறக்க வேண்டும். செடரின் சாப்பாடோ அதற்கு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வரும். வந்தவுடன் பேரீச்சம்பழமும் தண்ணீரும் தொழுவதற்குத் தூய்மையான ஓர் இடமும், அதன் பின் வயிறு நிறையும் அளவுக்குச் சிறிது உணவும் கொடுத்துவிட்டே மேசைக்கு அழையுங்கள். புனித வெள்ளியன்று இறைச்சி உண்ணாத கத்தோலிக்கருக்கு மீனும் காய்கறியும் வேண்டும்.

ஒரே வீட்டில் இரு மரபுகள்

தாய் ஒரு சமயம், தந்தை வேறு சமயம் என்றிருக்கும் வீட்டில் குழந்தைகளுக்குத் தெளிவு தேவை. பஸ்காவையும் ஈஸ்டரையும் கலந்து ஒரே பண்டிகையாக்கினால் அவர்களுக்கு இரண்டுமே கிடைக்காமல் போகும். இது நம் வீட்டில் அம்மாவின் மரபு, அது பாட்டி வீட்டில் நாம் போய்க் கலந்துகொள்வது என்று பெயர் சொல்லிப் பிரித்துக் காட்டுவதே குழந்தைக்கு எளிது. 2024இல் ஈஸ்டர் மார்ச் 31, முதல் செடர் ஏப்ரல் 22 என்று இடைவெளி இருந்ததால் சிக்கலில்லை. 2025இல் ஈஸ்டர் ஞாயிறான ஏப்ரல் 20 பஸ்காவின் எட்டாம் நாளில் விழுந்தது. அத்தகைய ஆண்டில் பாட்டியின் வீட்டு மேசையில் ரொட்டியும் கேக்கும் இருக்கும். குழந்தை அன்று என்ன உண்ணலாம் என்பதைப் பெற்றோர் முன்பே தங்களுக்குள் தீர்மானித்து, பாட்டியிடமும் சொல்லி, அதற்கான உணவைத் தாங்களே எடுத்துச் செல்ல வேண்டும். பாட்டியின் வீட்டில் வைத்து, குழந்தையின் எதிரில், பெரியவர்கள் இதை விவாதிக்கக் கூடாது.

சில வைதீகக் குடும்பங்கள் யூதரல்லாதவரைப் பண்டிகை உணவுக்கு அழைக்கத் தயங்குவதுண்டு. பண்டிகை நாளில் யூதரல்லாதவருக்கெனக் கூடுதலாகச் சமைப்பது பற்றித் தால்முத்தில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. முன்னதாகவே சமைத்து முடிப்பது முதலான வழிகளில் இதைத் தீர்ப்பவர்களும் உண்டு. உங்கள் சமய ஆசிரியரான ரபியைக் கேட்டு அறியலாம். அழைப்பு வராத நண்பர் அதை வெறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஹமெட்ஸை யூதரல்லாதவர் ஒருவருக்கு உண்மையான ஒப்பந்தத்தோடு விற்றுவிட்டு, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கும் நடைமுறை பஸ்காவுக்கு முன் நடக்கிறது. பெரும்பாலும் ரபியே பலருக்காக அதை முடித்துவைப்பார். மேசைக்கு வராத அண்டைவீட்டார் ஒருவரும் பஸ்காவைச் சாத்தியமாக்குபவராக ஆவது இவ்வழியில்தான்.

செடருக்கு அழைக்க முடியாதவர்கள் பண்டிகை முடியும் இரவை எண்ணிப்பார்க்கலாம். மொராக்கோ யூதர்கள் அந்த இரவில் மிமூனா கொண்டாடுகிறார்கள். எட்டு நாட்கள் ஹமெட்ஸ் இல்லாத வீட்டில் மாவும் இருக்காது என்பதால், முஸ்லிம் அண்டைவீட்டார் மாவும் பாலும் வெண்ணெயும் தேனும் கொண்டுவந்து கொடுப்பதும், அந்த மாவில் சுட்ட மெல்லிய மூஃப்லெத்தாவை வெண்ணெயும் தேனும் தடவி எல்லாரும் சேர்ந்து உண்பதும் அங்கே நெடுநாள் வழக்கமாக இருந்தன. இதில் செபமோ நீண்ட வாசிப்போ இல்லை. கதவு திறந்திருக்கும், வருவோர் வந்து உண்டு போவர். இந்த இரவில் விருந்தினர் வெறுங்கையோடு வர வேண்டியதில்லை; மாவைக் கொண்டுவருவதே அவர்களுடைய பங்கு. ஆனால் பண்டிகை முழுமையாக முடிந்து, வானில் மூன்று விண்மீன்கள் தோன்றும் நேரம் கடந்த பின்னரே அது வீட்டுக்குள் வர வேண்டும். அந்த நேரத்தை வீட்டாரிடம் முந்தைய நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.